இரண்டு சாஸர் மண்

சத்தம் என் பையிலிருந்துதான் வருகிறது சார். உங்கள் காதில் கோளாறில்லை. ஆரப்பாளையத்தில் பஸ் கிளம்பியதும் ஜன்னல் கண்ணாடியை அழுத்திப் பார்த்தீர்கள், அப்புறம் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பார்த்தீர்கள், இப்போது என் மடியைப் பார்க்கிறீர்கள். சரியான வரிசை. பக்கத்தில் இருப்பவன்மேல் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். பயப்படாதீர்கள், உள்ளே இருப்பது லேப்டாப்.

அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். அணைத்து வைத்த லேப்டாப் எப்படிச் சத்தம் போடும் என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. ஐப்பசி மாதம் முழுக்க நான் அந்தக் கேள்வியோடுதான் குடித்தனம் நடத்தினேன்.

எதுவரை போகிறீர்கள்? பொள்ளாச்சியா. நான் உடுமலைப்பேட்டையில் இறங்கிவிடுவேன். அதற்குள் சொல்லி முடிக்கலாம், நீங்கள் தூங்காவிட்டால்.

என் பெயர் வேலாயுதம். ஊர் திருமங்கலம். ஒரு கல்லூரியில் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். உடுமலைக்குப் போவது மருமகளைத் திரும்பக் கூட்டிவர. பெயர் சாருலதா. ஐப்பசிக் கடைசியில் அம்மா வீட்டுக்குப் போனவள், மார்கழி பிறந்தும் வரவில்லை. சண்டையா என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் யாரும் சண்டை போடுவதில்லை. ஒரு லேப்டாப் சத்தம் போட்டது, அவ்வளவுதான். அதற்காக ஒரு பெண் வீட்டைவிட்டுப் போவாளா? எனக்குப் புரியவில்லை. உங்களுக்குப் புரிந்தால் நடுவில் நிறுத்திச் சொல்லுங்கள்.

என் மகன் ராஜவேல் தோஹாவில் இருக்கிறான். ஏசி மெக்கானிக் இல்லை, ஏசி மெக்கானிக்குகளை மேய்க்கிறவன். இந்த வித்தியாசத்தை அவன் அம்மா எல்லோரிடமும் சொல்லச் சொல்லியிருக்கிறாள். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். கல்யாணமாகி மூன்று வருஷம். சாரு எங்களோடுதான் இருந்தாள். அமெரிக்க ஆஸ்பத்திரிகளுக்கு இங்கிருந்தே இன்சூரன்ஸ் பில் பார்க்கிற வேலை. அங்கே பொழுது விடியும்போது இவள் இங்கே விளக்கைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். பகலெல்லாம் லேப்டாப் மேசைமேல் மூடியபடி சும்மா கிடக்கும். இதை மனதில் வையுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

மேசை ஜன்னலோரம் இருந்தது. அங்கே போட்டது நான்தான். சித்திரை வெயிலில் லேப்டாப் சுடுகிறது என்று சாரு சொன்னாள். காற்றோட்டம் வேண்டுமே என்று மேசையை நகர்த்தி, ஜன்னலில் அடித்திருந்த கொசுவலையையும் கழற்றிவிட்டேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம். கொசு கடிக்கிறது என்று இரண்டொரு தடவை சொன்னாள், ஆனால் சந்தோஷமாகத்தான் சொன்னாள்.

தினமும் நாலு மணிக்கு அவளும் நானும் டீ குடிப்போம். என் மனைவி அம்சவேணி காபிக்காரி, எங்களோடு சேர மாட்டாள். டீ குடிக்கும்போது நான் அன்றைக்குப் படித்தது ஏதாவது ஒன்றைச் சாருவுக்குச் சொல்வேன். கடற்குதிரைகளில் ஆண்தான் பிள்ளை பெறுகிறது என்று ஒருநாள் சொன்னேன். "அத்தைகிட்டச் சொல்லீராதீங்க மாமா, உங்க பையனைக் கடலுக்கு அனுப்பீருவாங்க" என்றாள். அப்படிப்பட்ட பெண் சார். எதைச் சொன்னாலும் திருப்பி ஒன்று சொல்வாள்.

அப்படி டீ குடிக்கும்போதுதான் ஒருநாள், லேப்டாப்பில் ஏதோ சத்தம் வருகிறது என்றாள்.

என்ன மாதிரிச் சத்தம் என்று கேட்டேன். வைத்தியத்தில் பாதி, அறிகுறியைச் சரியாகச் சொல்வதில் இருக்கிறது. ரீங்காரமா, முனகலா, உறுமலா, கரகரப்பா, வெறும் இரைச்சலா? இவையெல்லாம் ஒன்றல்ல. மிக்ஸி இரைகிறது, தேனீ ரீங்கரிக்கிறது. இரண்டையும் கலந்தால் நோயையும் கலந்துவிடுவோம். அவள் டம்ளரைக் கையில் வைத்தபடி யோசித்துவிட்டு, "உய்ங்குன்னு வருதுங்க" என்றாள். அது எந்த வகையிலும் சேராது. நானே கேட்டு முடிவு செய்கிறேன் என்றேன்.

மறுநாள் காலை அவள் தூங்கும்போது போய்க் கேட்டேன். ஹால்வரை கேட்டது. பழைய நாளிதழைக் குழலாகச் சுருட்டிக் காதில் வைத்துக்கொண்டு கிட்டே போனேன். நின்றுவிட்டது. லேப்டாப்பைத் திறந்து ஓடவிட்டேன், சத்தமில்லை. அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன், உய்ங். அதாவது வேலை செய்யும்போது சத்தம் இல்லை, வேலை இல்லாதபோது சத்தம். அம்சவேணி அடுப்படியிலிருந்து, "ரிட்டயர் ஆனதுலருந்து ஒங்களுக்கு இருக்கிற சீக்குதான் அதுக்கும்" என்றாள். இந்த மாதிரி விளக்கங்களை நான் பொருட்படுத்துவதில்லை.

யூடியூபில் பார்த்தேன். ஒருவர் தூசிதான் காரணம் என்றார். சைக்கிள் பம்பை வைத்து எல்லா ஓட்டையிலும் காற்றடித்தேன். இன்னொருவர் எர்த் சரியில்லாவிட்டால் அப்படித்தான் என்றார். ஹாலில் இருந்த பிளக்கிலிருந்து ஒயர் இழுத்தேன். அம்சவேணி தடுக்கி விழப்போய் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள், கல்யாணமானதிலிருந்து முதல்முறையாக. மூன்றாமவர், ஹார்ட் டிஸ்க் சாகப்போகும்போது இப்படி முனகும், எல்லாவற்றையும் உடனே காப்பி எடுங்கள் என்றார். சாருவை எழுப்பிச் சொன்னேன். கம்பெனி லேப்டாப், காப்பி எடுத்தால் வேலை போய்விடும் என்றாள். நீங்கள் விட்டுவிடுங்கள், கம்பெனியிலிருந்தே ஆள் அனுப்புவார்கள் என்றும் சொன்னாள். மாமனாருக்குச் சிரமம் கொடுக்கக் கூடாதே என்ற நல்லெண்ணம். நான் விடவில்லை.

கொஞ்ச நாளில் அவள் வேலை செய்யும்போதும் சத்தம் வர ஆரம்பித்தது. இது வேறு. உர்ர்ர் என்று அடிவயிற்றிலிருந்து வருகிற சத்தம். போனில் பேசிய ஒரு அமெரிக்கப் பெண்மணி, உங்கள் வீட்டில் யாராவது முகச்சவரம் செய்கிறார்களா என்று கேட்டுவிட்டாளாம். சாருவுக்கு அவமானமாகப் போய்விட்டது. அதற்குமேல் பொறுக்கக் கூடாது என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உசிலம்பட்டி ரோட்டில் கடை வைத்திருக்கும் ஞானதுரையிடம் போனேன். பழுது பார்ப்பவர். திருப்பி வைத்தார். பின்பக்கம் சூடான காற்று வெளியே போகிற கிராதி இருக்கிறதே, அதற்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். டார்ச்சை அணைத்தார்.

"வீட்டுல புதுசா கல்யாணமானவங்க யாரு சார்?" என்றார்.

குளவிக் கூடு சார். குளவி. கிராதிக்குள் ஒரு ஓரமாக, விரல் நுனி அளவுக்கு மண்கூடு. பகலில் அது வந்து மண் பூசும்போது இறக்கையை அதிரவைக்கும், அதுதான் உய்ங். சாயங்காலம் காற்றுப்போக்கு குறைந்து உள்ளேயிருக்கும் விசிறி திணறும், அதுதான் உர்ர். இரண்டு சத்தம், ஒரே காரணம். இவ்வளவு அழகான விடை எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததேயில்லை.

உங்கள் பக்கம் இந்த வழக்கம் உண்டா தெரியவில்லை. எங்கள் பக்கம், வீட்டில் குளவி கூடு கட்டினால் குழந்தை பிறக்கும் என்பார்கள். கூட்டைக் கலைக்கக் கூடாது, குஞ்சு தானாக வெளியே போகும்வரை விட்டுவைக்க வேண்டும். கறுப்பு மண்ணில் கட்டினால் ஆண், செம்மண்ணில் கட்டினால் பெண். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நூலகத்தில் இதை நாட்டார் வழக்காறு அலமாரியில் வைப்போமே தவிர விலங்கியலில் வைக்க மாட்டோம். சுரண்டி எடுத்துவிடுங்கள் என்றுதான் ஞானதுரையிடம் சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டார். தங்கைக்கு இப்போதுதான் நாள் தள்ளிப் போயிருக்கிறதாம், கையால் தொட மாட்டேன் என்றுவிட்டார். வாழ்த்துச் சொல்லி என் கையைக் குலுக்கி அனுப்பினார்.

வீட்டில் அம்சவேணி விழுந்து கும்பிட்டாள். குங்குமம் வைக்கப் போனாள். குங்குமத்தூள் விசிறிக்குள் போனால் பேரிங் கெட்டுவிடும் என்று தடுத்தேன். மூடியின்மேல் ஒரு பொட்டு வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பிறகு, "என்ன கலருங்க?" என்று கேட்டாள். பூதக்கண்ணாடியை எடுத்துவந்து பார்த்தேன். கரிசல். பேரன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

சாரு எழுந்து வந்து பொட்டு வைத்த லேப்டாப்பைப் பார்த்தாள். விஷயத்தைக் கேட்டாள். "குளவி வந்துருச்சுங்க அத்தை. உங்க பையன்தான் இன்னும் வரலை" என்றாள். தை மாதம் வருவானே, குளவி முன்கூட்டியே சொல்கிறது என்றாள் அம்சவேணி. சாரு சிரித்தாள் என்று நினைக்கிறேன். பல் தெரிந்தது.

திண்டுக்கல் வந்துவிட்டது. நீங்கள் டீ குடிப்பதானால் இறங்கிவிட்டு வாருங்கள், இடத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கு வேண்டாம்.

வந்துவிட்டீர்களா. எங்கே விட்டேன். இன்டர்வியூ. இல்லை, அதற்குமுன்னால் இன்டர்வியூ என்று ஒன்று இருந்ததையே சொல்லவில்லை. ஐப்பசிக் கடைசியில் சாருவுக்கு டீம் லீடர் வேலைக்கு இன்டர்வியூ, லேப்டாப் வழியாகவே, பெரிய அதிகாரிகள் மூன்று பேர். அதற்காக ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகூடப் படித்துக்கொண்டிருந்தாள். கூட்டை எடுத்துவிடலாம் மாமா, இன்டர்வியூ முடிந்ததும் அது எங்கே வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளட்டும் என்றாள். அம்சவேணி அந்தப் பேச்சைக் கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். நான் நடுநிலையாக ஒரு ஆய்வு செய்தேன். கிராதியில் முக்கால்வாசி திறந்துதான் இருக்கிறது, கூடு இதற்குமேல் பெருக வாய்ப்பில்லை, காற்று தாராளமாகப் போகும் என்று சொன்னேன்.

"நீங்க சொன்னாச் சரிங்க மாமா" என்றாள். என்மேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை சார்.

அன்றைக்கு டீயின்போது குளவியைப் பற்றித்தான் பேசினோம். அந்தக் காலத்தில் பெரியவர்கள் என்ன நினைத்தார்கள் தெரியுமோ? குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து கூட்டில் வைத்து, அதைக் கொட்டிக் கொட்டி, காதுக்குள் ரீங்காரம் செய்து செய்து, கடைசியில் அதையும் தன்னைப்போல ஒரு குளவியாக்கிவிடும் என்று. தத்துவமெல்லாம் சொல்லியிருக்கிறார்கள். உண்மையில் புழு குளவியாவதில்லை. குளவி கொட்டியதில் அது அசையமுடியாமல் கிடக்கும், சாகாது. குளவியின் குஞ்சு பிறந்து அதைத் தின்று வளரும். இதை நான் நன்றாக விளக்கினேன் என்றுதான் நினைக்கிறேன். சாரு டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் புழுவை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களாங்க?" என்றாள். சுவாரஸ்யமான கேள்வி. கலைக்களஞ்சியத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை என்றேன்.

இப்போது சாஸருக்கு வருகிறேன்.

ஒருநாள் காலை ஜன்னல் விளிம்பில் ஒரு சாஸர் இருந்தது. அதில் ஈரமாகக் குழைத்த கரிசல் மண். அம்சவேணி வைத்தது. பாவம், வாயில்லாப் பூச்சி, மண்ணுக்காக வாய்க்கால்வரை அலைய வேண்டாமே என்று எனக்குக் கேட்கும்படி காற்றோடு சொன்னாள். அவளுடைய நோக்கம் எனக்குத் தெரியும். குளவி வழியில் எங்காவது செம்மண்ணைக் கண்டு மனம் மாறிவிடக் கூடாது. அந்தச் சாஸரை நான் எடுத்திருக்கலாமே என்பீர்கள். எடுக்கலாம், ஆனால் வீட்டில் அமைதி போய்விடும். ஒரு சோதனையில் ஒரு பக்கம் சாய்வு ஏற்பட்டால் மறுபக்கம் எடை வைத்துச் சமன் செய்வதுதான் முறை. ரோஜாத் தொட்டியிலிருந்து செம்மண் எடுத்துக் குழைத்து, இன்னொரு சாஸரில் அதன் பக்கத்தில் வைத்தேன்.

நம்பிக்கை கிடையாது சார், முதலிலேயே சொல்லிவிட்டேன். ஆனால் சாரு மாதிரி ஒரு பேத்தி இருந்தால் நாலு மணி டீக்கு மூன்று பேர். அவ்வளவுதான் நினைத்தேன்.

அம்சவேணி பார்த்தாள். தன் சாஸரை ஜன்னலுக்கு உள்பக்கமாக, லேப்டாப்புக்குக் கொஞ்சம் கிட்டே நகர்த்தினாள். நான் என்னுடையதை அதற்குப் பக்கத்தில் நகர்த்தினேன். அவள் மண்ணை மாற்றிப் புதிதாகக் குழைத்து வைத்தாள். நான் என் மண்ணைச் சல்லடையில் சலித்தேன். இதைப் பற்றி எங்களுக்குள் ஒரு வார்த்தை பேச்சில்லை. நல்ல தம்பதிகள் அப்படித்தான் இருப்பார்கள். சாரு பார்க்கவில்லையா என்றால், எழுந்ததும் அவள் ஜன்னல் பக்கம் வருவதற்குள் ஆளுக்கொரு சாஸரைத் துளசித் தொட்டிக்குப் பின்னால் வைத்துவிடுவோம். அவளைத் தொந்தரவு செய்யக் கூடாதல்லவா.

குளவிக்கு ஆணென்றும் இல்லை பெண்ணென்றும் இல்லை. இரண்டு சாஸரிலும் எடுத்தது. காலடியிலேயே மண் கிடைத்தால் எந்தக் கொத்தனார்தான் ஒரு அறையோடு நிறுத்துவான்?

இன்டர்வியூ அன்று சாரு மடிப்புக் கலையாத சேலை கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கதவை மூடிக்கொண்டாள். நானும் அம்சவேணியும் வெளியே நின்றோம். நன்றாகப் பேசினாள் சார். ஆங்கிலத்தில், ஒரு இடத்தில்கூடத் திக்காமல். ஏதோ கேட்டார்கள், சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பின்னால் உர்ர் என்று ஆரம்பித்தது. குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். அதுவும் உயர்த்தியது. அவள் ஒரு வாக்கியத்தின் பாதியில் இருந்தாள், சத்தம் சட்டென்று நின்றது. சுவிட்சை அழுத்துகிற சத்தம் கேட்டது. மறுபடி அழுத்துகிற சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை.

சாரு வெளியே வந்து தண்ணீர் குடித்தாள். திரும்பப் போய் லேப்டாப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கிராதி முழுக்க அடைத்திருந்தது. ஒரு வரி கறுப்பு, ஒரு வரி சிவப்பு, ஒரு வரி கறுப்பு, சுங்குடிச் சேலைக் கரை மாதிரி. அவளுக்கு ஏதோ தோன்றியிருக்க வேண்டும். நேராகத் துளசித் தொட்டிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள். அம்சவேணி அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுப்பில் பால் இல்லை.

"இது என்னங்க மாமா?"

விளக்கினேன். கரிசல் அத்தையுடையது, மற்றது என்னுடையது என்று.

"நீங்களுமா மாமா?"

"என்னோடது செம்மண் சாரு. பெண் குழந்தைக்கு."

இதைச் சொன்னால் அவளுக்குத் தெளிவாகிவிடும் என்று நினைத்தேன். இரண்டு சாஸரையும் கழுவி, துடைத்து, அலமாரியில் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் காலை பையோடு கிளம்பினாள். நான்தான் பஸ் ஸ்டாண்டுவரை பையைத் தூக்கிக்கொண்டு போனேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஏறினாள். லேப்டாப்பை எடுத்துப் போகவில்லை, ஓடாத பொருளை யார் சுமப்பார்கள்.

நீங்களுமா என்றாளே, எதில் நானும் என்று சொல்லவேயில்லை. இன்றைக்கு நேரில் கேட்டுவிடலாம் என்றிருக்கிறேன்.

அவள் போனபிறகு வீடு எப்படி இருந்தது என்று கேட்கிறீர்களா? சத்தமே இல்லை. முன்பெல்லாம் சாயங்காலமானால் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் அமெரிக்காவோடு பேசிக்கொண்டிருப்பாள். ஒரு வார்த்தை புரியாது, ஆனால் கேட்டுக்கொண்டே படிக்கலாம். இப்போது படிக்க உட்கார்ந்தால் கடிகாரம் கேட்கிறது. அம்சவேணி எனக்காக இரண்டு நாள் நாலு மணிக்கு டீ குடித்துப் பார்த்தாள். கடற்குதிரையைப் பற்றி அவளிடம் சொன்னேன். "கருமம்" என்று எழுந்து போனவள், அதோடு சரி.

ராஜவேல் போனில், "அப்பா, நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க" என்றான். நானும் ஒன்றும் பண்ணவில்லை. போன வாரம் சாருவே பேசினாள். வேலையை விட்டுவிட்டாளாம், கம்பெனியில் லேப்டாப்பைத் திருப்பிக் கேட்கிறார்களாம், கூரியரில் போட்டுவிடுங்கள் என்றாள். நான் கூரியர்காரர்களை நம்பமாட்டேன் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கூரியர் என்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? நேரில் வா என்று அர்த்தம். கூப்பிட வெட்கம். அம்சவேணியும் அப்படித்தான் சொன்னாள். கூட்டுக்கு ஒன்றும் ஆகாமல் கொண்டுபோகச் சொல்லி, தன்னுடைய ஸ்வெட்டரில் சுற்றிக் கொடுத்தாள். கூட்டோடு பார்த்தால் மருமகளுக்கு மனம் இளகிவிடுமாம்.

ஒட்டன்சத்திரம். முருங்கைக்காய் மூட்டை ஏற்றாமல் இவர்கள் நகர மாட்டார்கள். இந்த நேரத்தில் உங்களுக்குக் கூட்டைக் காட்டிவிடுகிறேன். கொஞ்சம் பிடியுங்கள், ஸ்வெட்டரை இப்படி விலக்குங்கள். பார்த்தீர்களா, வரிவரியாக? அட. அசையாதீர்கள் சார். கையை வீசாதீர்கள், அது கொட்டாது, சும்மா உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நேரம் உய்ங் என்றது இதுதான், கூட்டை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. இடுப்பைப் பாருங்கள், நூல் மாதிரி. குங்குமப் பொட்டின்மேலேயே உட்கார்ந்து காலைத் துடைக்கிறது. முன்சீட்டு அம்மாவைக் கத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். போகிறது, போகிறது, உங்கள் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள்.

போய்விட்டது.

மன்னிக்க வேண்டும், போன் அடிக்கிறது. மருமகள்தான்.

சொல்லும்மா. ஒட்டன்சத்திரம். ஆமாம், பஸ். இல்லைம்மா, நேரில் கொண்டுவந்தால் பத்திரம் என்று. ம். ம். இல்லையே. இல்லைம்மா, சத்தியமாக. அப்படியா. எப்போது? சரி. சரிம்மா. இல்லை, இன்னும் குடிக்கவில்லை. சரி.

பஸ் ஸ்டாண்டுக்கே வந்து நிற்கிறேன் என்கிறாள். எடுத்ததும், "கூரியர்லதானுங்க போடச் சொன்னேன்" என்றாள். அப்புறம் அத்தை ஏதாவது மண் கொடுத்துவிட்டிருக்கிறார்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்புறம் விசா வந்துவிட்டது என்றாள். தோஹாவுக்கு. ராஜவேல் அங்கே வீடு பார்த்துவிட்டானாம், தை பிறந்ததும் இவள் கிளம்புகிறாளாம். அவன் தையில் இங்கே வரப்போவதில்லை. இரண்டு பேருமாகப் பேசி முடிவு செய்திருக்கிறார்கள். எங்களிடம் அவன் சொல்வதாக இருந்ததாம், இவள் சொல்வாள் என்று அவன் விட்டுவிட்டானாம்.

வைக்கும்போது, "மணி நாலாச்சுங்க மாமா, டீ குடிச்சீங்களா?" என்றாள்.

உங்களிடம் சாவி ஏதாவது இருக்கிறதா சார்? கொஞ்சம் தாருங்கள். குஞ்சு போய்விட்டது, இனி இது வெறும் மண், அம்சவேணியும் ஒன்றும் சொல்ல முடியாது. கம்பெனிக்குக் கொடுக்கிற பொருள், சுத்தமாகக் கொடுக்க வேண்டும். இப்படிச் சுரண்டினால் முழுசாகவே வந்துவிடுகிறது பாருங்கள். கறுப்பு, சிவப்பு, கறுப்பு. உள்ளே அறை அறையாக இருக்கிறது. புழு ஒன்றும் மிச்சமில்லை. இதை ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுங்கள். ஓடுகிறதா பார்க்கலாம், கிளம்பும்போது சார்ஜ் போட்டுத்தான் வைத்தேன்.

ஓடுகிறது.

காதைக் கொண்டுவாருங்கள். கேட்கிறதா? ஒன்றுமே கேட்கவில்லை. புதுசு மாதிரி இருக்கிறது. இதைத்தான் சாரு முதலிலேயே கேட்டாள் சார், ஒரு சாவியால் முடிகிற வேலை. எங்கள் வீடும் இப்போது இப்படித்தான் இருக்கிறது, சுத்தமாக, ஒரு சத்தமில்லாமல்.

நீங்கள் கொஞ்சம் தூங்குங்கள். நான் சும்மா வருகிறேன்.

பழனி தாண்டியது தெரியவேயில்லை. இதோ, உடுமலை. அதோ நிற்கிறாள், மஞ்சள் சுடிதார், கையில் பிளாஸ்க். டீயாகத்தான் இருக்கும். இளைத்திருக்கிறாள். இல்லை, நன்றாகத்தான் இருக்கிறாள்.

வழி விடுங்கள், இறங்க வேண்டும். மேலே அந்த மஞ்சப்பையை எடுத்துக் கொடுக்கிறீர்களா? சாய்க்காதீர்கள், நேராகப் பிடியுங்கள், அடியில் ஈரமாக இருக்கும். திண்டுக்கல்லில் நீங்கள் டீ குடிக்கப் போனபோது கொஞ்சம் தண்ணீர் தெளித்து வைத்தேன், காய்ந்துவிடக் கூடாதே என்று. செம்மண்தான். சலித்தது. அத்தை மண் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டாள், இல்லை என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை, இது நானாக எடுத்துவைத்தது.

தோஹாவில் எங்கே பார்த்தாலும் மணல்தான் என்கிறார்கள். மணலை வைத்துக்கொண்டு ஒரு குளவி என்ன செய்யும்? நீங்கள் விமானத்தில் போயிருக்கிறீர்களா சார்? மண் கொண்டுபோக விடுவார்களா? நிறைய இல்லை, ஒரு சாஸர் அளவு.